யார் ஓதச் சொன்னது?

திண்டுக்கல்லில் கார் ஸ்டீரியோ மாட்டும் கடை வைத்திருக்கிறேன். ஸ்பீக்கர் கரகரக்கிறது, ரிவர்ஸ் கேமரா தெரியவில்லை என்று வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கும்போதே சத்தமாகச் சொல்லிவிடுவார்கள். ஒரு குறையை மட்டும் எங்கள் ஜமாஅத்து ஆட்கள் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொல்கிறார்கள். "பாய், வண்டிய ஸ்டார்ட் பண்ணுனா போன்ல இருந்து கிராஅத் தானா ஓட ஆரம்பிச்சிருது. நிப்பாட்ட வழி இருக்கா?" கேட்ட கையோடு, "குர்ஆனை நிப்பாட்டச் சொல்றேன்னு நெனச்சுராதீங்க" என்பார்கள்.

அந்தத் தயக்கத்துக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். யாரும் கேட்க நினைக்காத நேரத்தில் தானாகக் கிளம்பும் ஓதலை ஓடவிடுவது நன்மையா, நிறுத்துவது குற்றமா? நிறுத்துவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை என்பது என் முடிவு. நான் ஆலிம் இல்லை. அத்தா மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவர். அவரும் அவருடைய சிநேகிதர்களும் இஷா தொழுகைக்குப் பிறகு திண்ணையில் மஸ்அலா, அதாவது மார்க்கச் சட்டக் கேள்விகள், பேசுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். தொழில் அறிவு என்னுடையது, மார்க்க அறிவு அவர்கள் கொடுத்தது.

வண்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போனும் ஸ்டீரியோவும் புளூடூத்தில் சேரும்போது வெளியே ஒரே இணைப்பாகத் தெரியும். உள்ளே வேலைகள் தனித்தனி. பேசுவதற்கு எச்எஃப்பி, பாட்டு வருவதற்கு ஏ2டிபி, ரிமோட் போலக் கட்டளை கொடுப்பதற்கு ஏவிஆர்சிபி. ஸ்டியரிங்கில் உள்ள பட்டனை அழுத்தி அடுத்த பாட்டுக்குப் போகிறோமே, அது இந்த மூன்றாவது வழியில்தான் போகிறது. பல ஸ்டீரியோக்கள் போன் இணைந்ததுமே யாரும் கேட்காமல் 'பிளே' கட்டளையை அனுப்பிவிடுகின்றன. அந்தக் கட்டளைக்குப் பின்னால் ஒரு விரல் இருக்கிறதா இல்லையா என்று போனுக்குத் தெரியாது. இரண்டு விதமாக வந்தாலும் அது ஒரே கட்டளைதான். கடைசியாக ஓடிய ஆப் எதுவோ அதை எழுப்பிவிடும். ராத்திரி படுக்கையில் யாசீன் கேட்டு, பாதியில் தூங்கிப்போனவருக்குக் காலையில் பால் வாங்கக் கிளம்பும்போது அந்தப் பாதியிலிருந்து ஓதல் தொடங்குவது இப்படித்தான்.

ஐபோனில் கடைசியாக ஓடியது எதுவும் நினைவில் இல்லையென்றால் மியூசிக் ஆப் எழுந்துகொள்ளும். சேமித்த பாடல்களில் ஆங்கில அகரவரிசைப்படி முதலில் இருப்பதைப் பலருக்கும் பாடும். 2017ல் சமீர் மெஸ்ராஹி என்பவர் இதற்கென்றே ஒரு பாடல் வெளியிட்டார். தலைப்பின் தொடக்கத்தில் 'ஏ' எழுத்தை வரிசையாக அடுக்கியிருந்தார். உள்ளே கிட்டத்தட்ட 10 நிமிடம் ஓசையே கிடையாது. அது ஐடியூன்ஸ் விற்பனைப் பட்டியலில் மேலே ஏறியது. வண்டியில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, எதைக் கேட்பது என்று தானே முடிவு செய்யும் அந்தச் சிறிய அவகாசத்துக்காக மக்கள் காசு கொடுத்திருக்கிறார்கள். அந்த அவகாசம் அற்பமான விஷயம் இல்லை. எங்கள் மார்க்கத்தில் அதற்கு நிய்யத் என்று பெயர். செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்ற நபிமொழியைத்தான் இமாம் புகாரி தம் தொகுப்பின் முதல் ஹதீஸாக வைத்தார்.

அப்படியானால் வண்டியில் ஓதச் சொன்னது யார்? ஓட்டுகிறவர் இல்லை. போன் இல்லை, அது கட்டளைக்குக் கீழ்ப்படிந்தது. ஸ்டீரியோவுக்கு விருப்பம் என்று ஒன்று கிடையாது. ஓதியவரோ எப்போதோ ஓதிமுடித்துப் போய்விட்டார். முழுக் குர்ஆனையும் முதன்முதலில் ஒலிப்பதிவாகக் கொடுத்தவர் எகிப்தின் காரி மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரி. 1961ல் அது வெளியானது. 1980ல் அவர் மறைந்துவிட்டார். இன்றும் என் கடைக்கு வரும் வண்டிகளில் அவர் குரலைக் கேட்கிறேன். ஓதும்போது அவருக்கு நிய்யத் இருந்தது. கேட்கும் பக்கத்தில் அது இல்லை.

இந்தக் கேள்வி புளூடூத்தோடு பிறந்ததும் இல்லை. எங்கள் ஹனஃபி மத்ஹபில், அதாவது சட்டப்பிரிவில், ஸஜ்தா (நெற்றியைத் தரையில் வைத்துப் பணிவது) செய்யவேண்டிய வசனம் ஒன்று காதில் விழுந்தால், கேட்க வேண்டும் என்று உட்காராதவருக்கும் ஸஜ்தா கடமையாகிவிடும். குர்ஆனில் அப்படி 14 இடங்கள். இவ்வளவு கண்டிப்பாக இருந்த சட்ட அறிஞர்கள், அதே வசனம் மலையில் மோதி எதிரொலியாக வந்தால் ஸஜ்தா கடமை இல்லை என்றார்கள். பழக்கிய கிளி சொன்னாலும் இல்லை என்பதே வலுவான கருத்து. ஓதுவது என்றால் விளங்கி ஓதுகிற ஓர் உயிர் வேண்டும் என்பது அவர்கள் கொண்ட அளவுகோல். ஃபோனோகிராஃப் வந்தபோது 1900 வாக்கில் படேவியாவிலும் (இன்றைய ஜகார்த்தா) கெய்ரோவிலும் ஆலிம்கள் இந்தப் பழைய எதிரொலியையும் கிளியையும் எடுத்துவைத்துக்கொண்டுதான் யோசித்தார்கள். நம் நாட்டு ஹனஃபி ஆலிம்கள் பலரும் பதிவுசெய்த ஓதலுக்கு ஸஜ்தா கடமை இல்லை என்றே சொன்னார்கள். அவர்கள் யாரும் அந்த ஓசையைக் குர்ஆன் இல்லை என்று தள்ளிவிடவில்லை, மரியாதை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடமை போனாலும் அதப், அந்த மரியாதை, போகவில்லை.

நாகூருக்கும் ஏர்வாடிக்கும் சவாரி ஓட்டும் ஒரு டாக்ஸி டிரைவர் என்னோடு இதில் நன்றாக வாதாடினார். "நம்ம மத்ஹப்ல ஒளுவுக்கு நிய்யத் கட்டாயம் இல்லையே பாய். மழையில நனைஞ்சு உறுப்பெல்லாம் கழுவுப்பட்டாலே ஒளு கூடிருமே. ஓதலும் அந்த மாதிரி. கேட்டாலும் கேக்காட்டியும் வண்டிக்குள்ள பரக்கத் இறங்கும்ல?" மார்க்கம் தெரிந்த பேச்சு. அதனால் மார்க்கத்திலிருந்தே பதில் சொன்னேன். தண்ணீர் இல்லாத இடத்தில், தொழுகைக்கு முன் கழுவும் ஒளுவுக்குப் பதிலாக மண்ணைக் கொண்டு செய்கிற தயம்முமுக்கு அதே மத்ஹப் நிய்யத்தைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது. தண்ணீர் இயல்பிலேயே சுத்தம் செய்யும், மண் அப்படி இல்லை. உள்ளம் சேர்ந்தால்தான் மண் தூய்மை தரும், சேராவிட்டால் கையில் ஒட்டிய புழுதி. குர்ஆன் தண்ணீர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நம் காது மண். டயர் தேய்ந்த கவலையும் டோல்கேட் வரிசையும் பயணியின் பேரமும் நிறைந்த காதில், திருப்பிவைக்காமல் எதுவும் இறங்குவதில்லை.

இன்னொன்றையும் சொன்னேன். குர்ஆன் ஓதப்படும்போது பேசாமல் செவிகொடுங்கள் என்பது 7வது அத்தியாயத்தின் 204வது வசனத்தின் கட்டளை. பின்சீட்டில் இருக்கும் குடும்பம் கல்யாணச் செலவைப் பேசிக்கொண்டே வருகிறது. அவர்கள் இந்த ஓதலைக் கேட்கவில்லை, தேடிப் போய் அலட்சியம் செய்யவும் இல்லை. அவர்களை இந்தக் குறைக்குள் இழுத்துவிட்டது யார்? பழைய ஹனஃபி நூல்களில் ஒரு மஸ்அலா உண்டு, அத்தா அடிக்கடி சொல்வார். ஒருவர் உட்கார்ந்து சட்டம் எழுதிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் வந்து இன்னொருவர் சத்தமாகக் குர்ஆன் ஓதுகிறார். எழுதுகிறவரால் செவிகொடுக்க முடியவில்லை. குற்றம் யார் மேல்? ஓதியவர் மேல் என்று எழுதிவைத்தார்கள். வேலையில் இருக்கும் மனிதனைச் சங்கடத்தில் மாட்டிவிட்டதற்காக. வண்டியில் ஓதலைத் தொடங்கிவைத்தவர் என்று யாரும் இல்லை. ஆகவே அந்தப் பொறுப்பு, நிறுத்தத் தெரிந்தும் நிறுத்தாமல் இருக்கிறவரிடம் வந்து சேர்கிறது என்று நான் நினைக்கிறேன். டிரைவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

என்னை மிகவும் உறுத்துவது தொடங்கும் இடம். நம் ஊர் முஸ்ஹஃபில், அதாவது குர்ஆன் பிரதியில், வரிகளுக்கு மேலே சின்ன எழுத்துகள் இருக்கும். 'மீம்' இருந்தால் கட்டாயம் நிறுத்த வேண்டும், 'லா' இருந்தால் நிறுத்தக் கூடாது. தவறான இடத்தில் நிறுத்தினால் பொருள் தலைகீழாகும். போதையில் தொழுகையை நெருங்காதீர்கள் என்ற 4வது அத்தியாயத்து வசனத்தைப் பாதியில் வெட்டினால் தொழுகையையே நெருங்காதீர்கள் என்று ஆகிவிடும். நிறுத்திய இடத்திலிருந்து எங்கே திரும்பத் தொடங்குவது என்பதற்கும் தஜ்வீதில், அதாவது ஓதும் இலக்கணத்தில், முறை உண்டு. முந்தைய சொற்களைச் சேர்த்து எடுத்து ஓத வேண்டும். இதற்காகப் பிள்ளைகள் வருஷக்கணக்கில் உஸ்தாதிடம் அடியும் அன்பும் வாங்கிப் படிக்கிறார்கள். ஸ்டீரியோவின் கட்டளையோ இன்ஜின் அணைந்த இடத்தில் வெட்டுகிறது, சாவி திருகிய இடத்தில் ஒட்டுகிறது. ஒரு சொல்லின் நடுவிலிருந்து, சில நேரம் ஓர் எழுத்தின் நீட்டலிலிருந்து. அழைப்பு வந்தால் மறுபடி ஒரு வெட்டு. முறை தெரிந்த ஒருவர் இதை எப்படித் தாங்குவார்?

இது எங்கள் ஆட்களுக்கு மட்டும் உள்ள சங்கடம் இல்லை. பழனிக்குப் போகிற ஓர் அண்ணன், கடன்காரரோடு பேசும்போது பின்னால் கந்த சஷ்டி கவசம் ஓடுவது பொறுக்காமல் வந்தார். இன்னொருவர் துக்கவீட்டு வாசலில் வண்டியை எடுத்தபோது சினிமாப் பாட்டு வெடித்துக் கிளம்பியதைச் சொல்லும்போது கண் கலங்கினார்.

சரிசெய்யும் விதம் கடினமில்லை. ஆண்ட்ராய்டு போனில் புளூடூத் பட்டியலில் வண்டியின் பெயருக்கு உரிய செட்டிங்கைத் திறந்து, 'மீடியா ஆடியோ'வை மட்டும் அணைத்துவிடலாம். போன் பேசுவது அப்படியே இருக்கும். மேப் சொல்லும் வழி வண்டி ஸ்பீக்கரில் வராமல் போகலாம், அதனால் எல்லோருக்கும் இதைச் செய்துவிடுவதில்லை. ஆண்ட்ராய்டு ஆட்டோ இருந்தால் அதன் செட்டிங்கில் இசை தானாகத் தொடங்குவதை நிறுத்தும் தேர்வு இருக்கிறது. ஐபோனில் ஷார்ட்கட்ஸ் ஆப்பில், வண்டி இணைந்ததும் சில நொடி காத்திருந்து ஓசையை நிறுத்து என்று எழுதிவைக்கலாம். காத்திருப்பது முக்கியம், ஸ்டீரியோவின் கட்டளை கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும். ஆப்பை மூடிவைப்பதை நம்ப வேண்டாம், போன் அதைத் திரும்ப எழுப்பிவிடும். சில ஸ்டீரியோக்களில் ஆட்டோ பிளேயை அணைக்கும் இடம் மெனுவுக்குள் இருக்கும். அதுவும் இல்லையென்றால் வண்டியை அணைப்பதற்கு முன் எஃப்எம்முக்கு மாற்றிவிடுங்கள். பல மாடல்கள் மறுநாள் எஃப்எம்மிலேயே விழிக்கும்.

செய்து கொடுத்த பிறகு, ஓத விரும்பினால் பிஸ்மி சொல்லி நீங்களே விரலால் அழுத்துங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். பயண துஆவை ஓதிவிட்டு, ஓர் அத்தியாயத்தைத் தொடக்கத்திலிருந்து வைத்துக் கேட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பேசிக்கொண்டு போகிறவர்கள் பேசிக்கொண்டு போகட்டும்.

ஸ்டீரியோ தயாரிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இணைந்ததும் ஓடவேண்டுமா வேண்டாமா என்று கேட்கும் தேர்வை எல்லா மாடலிலும் வையுங்கள். புதிதாக வாங்கும்போது அது 'வேண்டாம்' என்றே இருக்கட்டும். இந்தக் குறையைச் சொல்லக் கூச்சப்படும் சகோதரர்களும் சகோதரிகளும் தாராளமாக வாருங்கள், வாசலில் நின்று சத்தமாகவே சொல்லுங்கள். இந்த ஒரு வேலைக்கு நான் காசு வாங்குவதில்லை.