அளவும் உரிமையும்

தம் பணத்தில் வாங்கிய அரிசியைத் தாமே கொட்டினால் பிறர்க்கென்ன என்று கேட்பவர் உண்டு. கேள்வி முரட்டுத்தனமாகத் தோன்றினும் எளிதில் தள்ளிவிட இயலாது. உடைமை என்பது விரும்பியவாறு பயன்படுத்தும் உரிமை எனக் கொண்டால், கொட்டுவதும் ஒரு பயன்பாடாகிவிடும். அப்போது சிக்கனம் பணப்பையைக் காக்கும் தந்திரமாக நிற்குமேயன்றி அறமாகாது. பை நிறைந்தவருக்கு அது தேவையுமில்லை.

அரபு மொழியில் விரயத்தைக் குறிக்க இஸ்ராஃப், தப்தீர் என இரு சொற்கள் வழங்குகின்றன. முன்னது எல்லை கடத்தல். பின்னது விதையைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. கண்ட இடமெல்லாம் வாரி இறைக்கும் காட்சி அதனுள் இருக்கிறது. திருமறை இரண்டையும் கண்டிக்கிறது. 1058-இல் பக்தாதில் மறைந்த இமாம் மாவர்தீ இவ்விரண்டையும் வேறுபடுத்தும்போது பணத்தைப் பற்றிப் பேசாமல் உரிமைகளைப் பற்றிப் பேசுகிறார். உரிமைகளின் அளவை அறியாமை முன்னது, உரிமைகளின் இடத்தை அறியாமை பின்னது என்பது அவர் கருத்தின் சாரம். நம்மிடம் ஓதும் மாணவர்கள் இதைச் சொல்நயம் என்று எண்ணிக் கடந்துவிடுவதுண்டு. ஆனால் நம் கேள்வியே இங்கு திசை மாறிவிடுகிறது. எவ்வளவு கொட்டினாய் என்பதை விட்டு, கொட்டியது யாருக்குரியது என்று கேட்க வேண்டியதாகிறது.

வணிகத்தில் இதைக் கணக்காகவே காட்டலாம். ஓர் உணவு விடுதி நூறு பேருக்குச் சோறாக்குகிறது. தட்டு ஒன்றின் அடக்க விலை 40 ரூபாய். விற்றவை எண்பது. மொத்தச் செலவான 4,000 ரூபாயும் அந்த எண்பதின் தலையில் ஏற, தட்டு 50 ரூபாயாகிறது. நாள்தோறும் இப்படியே நடந்தால், குப்பைக்குப் போன இருபது தட்டுக்கு விலை கொடுப்பவர் யார்? அங்கு வந்து உண்டவரே. ‘இல்லை’ என்று சொன்னால் கடையின் பெயர் கெடும் என முதலாளி அஞ்சுகிறார். அச்சத்தின் செலவை வாடிக்கையாளர் சுமக்கிறார். பிற்பகல் இரண்டு மணிக்கே ‘தீர்ந்துவிட்டது’ என்று பலகை மாட்டும் சிறு பிரியாணிக் கடைக்காரர் மீது நமக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் விரயத்தைக் குறைப்பதாகக் கூறி அகப்பையைச் சிறிதாக்கி, விலையை மட்டும் குறைக்காதவர் செய்வது சிக்கனமன்று, அளவை மோசடி. நேற்றைய குழம்பை இன்றையதில் கலப்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். தோல், எலும்பு முதலிய உண்ணாப் பகுதிகளும் சேர்ந்த கணக்கு இது. அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. விருந்து மண்டபங்களையே குறைகூறிப் பழகிய நமக்கு இது உவப்பான செய்தியன்று.

ஆயினும் வீட்டுச் சிக்கனத்தைப் போதிப்போரிடம் நமக்கொரு வழக்கு இருக்கிறது. கட்டுஞ்செட்டுமான குடும்பம் என ஊர் புகழும் வீட்டில் ஆறு பேருக்கு அளந்து உலை வைக்கிறார்கள். எதிர்பாராமல் ஒரு விருந்தாளி வருகிறார். யாருக்குச் சோறு குறைகிறது? எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் அமரும் பெண்ணுக்கு. சோறு மிஞ்சினாலும் அவளுக்கே: மறுநாள் காலையில் பழஞ்சோறும் நேற்றைய மீன் குழம்பும். பழஞ்சோறு நல்ல உணவுதான். விரும்பி உண்பவர் பலர். வீட்டார் அனைவரும் முறைவைத்து உண்டால் அதைச் சிக்கனம் என்போம். ஒருத்திக்கே அது விதியாகும்போது, மாத முடிவில் மிச்சம் பிடித்ததாகக் காட்டப்படும் தொகையில் அவளுக்குரியதும் சேர்ந்திருக்கிறது. உலோபிகளைப் பற்றி ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு முழு நூலே எழுதினார் பஸராவின் ஜாஹிஸ். அவர் காட்டும் உலோபிகள் தம் குணத்தைக் குறை என ஒப்புவதில்லை. நல்ல நிர்வாகம் என்றே சாதிக்கிறார்கள். நம் வீடுகளிலும் இந்த வாதம் கேட்காமலில்லை. சமைப்பவளின் தட்டை முதலில் எண்ணி, விருந்தாளிக்கென ஒரு பிடி கூட்டி உலை வைப்பதால் எந்தக் குடும்பமும் நொடித்துப் போய்விடாது.

கலியாண விருந்துக்கு வருவோம். ஒரு கிலோ அரிசிக்கு எட்டிலிருந்து பத்துப் பேர் என்று பண்டாரி கணக்கிடுகிறார். பெண் வீட்டார் தம் அச்சத்துக்கு ஐம்பது தலை கூட்டிச் சொல்கிறார்கள்; பண்டாரி தம் பெயருக்கு அஞ்சி இன்னும் சில கிலோ போடுகிறார். மாலை நான்கு மணிக்கு ஒரு தேக்சா மீந்து நிற்கிறது. நண்பகலிலிருந்து ஆறிக் கிடந்த அந்த இறைச்சிச் சோற்றை அநாதை இல்லத்துக்கு அனுப்பிவிட்டு அதற்கு சதகா என்று பெயரிடுகிறோம். கெட்டிருக்குமோ என்று நாமே உண்ணத் தயங்கும் சோறு அது. பண்டாரியிடம் தலைக்கணக்குச் சொல்லும்போதே அந்தப் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்லி, முதல் தேக்சா திறந்ததும் சூட்டோடு அனுப்பிவிடலாம். மாலையில் தேக்சாவைக் கழுவும் வேலைதான் மிஞ்சும்.