அந்த வீட்டாரின் சொல் நமக்கு அமானிதம்



ஒரு வீட்டில் மௌத்து நிகழ்ந்துவிட்டால், தக்கலையாகட்டும், குளச்சலாகட்டும், திருவிதாங்கோடாகட்டும், ஜமாஅத்தே திரண்டு வந்து நிற்கிறது. அண்டை வீட்டார் உணவு சமைத்து அனுப்புகின்றனர். ஜஃபர் (ரலி) ஷஹீதானபோது அவர்கள் குடும்பத்தாருக்கு உணவு தயாரிக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்களே, அந்த ஸுன்னத் நம் ஊர்களில் இன்றும் உயிரோடிருக்கிறது.

ஆனால், ஒருவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்ட வீட்டில் நடப்பதென்ன? ஆசாரிப்பள்ளம் மருத்துவமனையில் பரிசோதனை முடிந்து மய்யித் வீடு வந்து சேருமுன்பே ஊரில் பல கதைகள் புறப்பட்டு விடுகின்றன. வருவோரில் சிலர், "எப்படி நடந்தது? யாரோடு சண்டை? கடிதம் ஏதும் உண்டா?" என்று துருவுகின்றனர். சிலர் அந்த வீட்டுப் பக்கமே தலைகாட்டுவதில்லை. நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்கும் பெண்ணுக்கு இந்தக் கேள்விகளும் மௌனமும் இரண்டாவது இழப்பாகி விடுகின்றன.

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேரும், தமிழகத்தில் 19,834 பேரும் இவ்வாறு இறந்ததாக அரசின் கணக்கு சொல்கிறது. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஓர் உம்மா, ஒரு வாப்பா, விவரம் புரியாத பிள்ளைகள் இருக்கின்றனர்.

தற்கொலை ஹராம் என்பதில் ஐயமில்லை. திருமறையின் நான்காம் அத்தியாயம் 29ஆம் வசனம் அதைத் தடுக்கிறது. அதே வசனம் அல்லாஹ்வின் கருணையை நினைவூட்டியே முடிகிறது. அவ்வாறு இறந்த ஒருவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் தாமே தொழவைக்கவில்லை என்ற ஹதீஸ் உண்டு. பிறரை எச்சரிப்பதற்காகவே அவ்வாறு செய்தார்கள் என்று உலமாக்கள் விளக்குகின்றனர். அவர் முஸ்லிமே, அவரைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுது அடக்க வேண்டும் என்பதே ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் தீர்ப்பு.

ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியைக் கவனியுங்கள். துஃபைல் இப்னு அம்ர் (ரலி) அவர்களுடன் மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த ஒருவர், நோயின் வேதனை தாளாமல் தம் கையாலேயே தமக்குத் தீங்கிழைத்து இறந்துபோனார். பின்னர் துஃபைல் (ரலி) அவரைக் கனவில் நல்ல தோற்றத்தில் கண்டார்கள். கைகள் மட்டும் மூடப்பட்டிருந்தன. ஹிஜ்ரத்தின் பொருட்டால் தாம் மன்னிக்கப்பட்டதாகவும், தாமே கெடுத்துக்கொண்ட கைகள் மட்டும் சீராக்கப்படவில்லை என்றும் அவர் சொன்னார். அதைத் துஃபைல் (ரலி) யாரிடம் கொண்டுபோய்ச் சொன்னார்கள்? கடைத்தெருவிலா? இல்லை, நாயகம் (ஸல்) அவர்களிடம்! அவர்கள் ஏன், எதற்கு என்று துருவவில்லை. அந்தக் கைகளையும் மன்னிக்கும்படி இறைவனிடம் இறைஞ்சினார்கள்.

துயரைச் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இதில் பாடம் இருக்கிறது.

முதலாவது, பேசுவதும் பேசாதிருப்பதும் அந்த வீட்டாரின் விருப்பம். யஃகூப் (அலை) அவர்கள் அழுதழுது கண் வெளுத்தார்கள். அழகிய பொறுமை என்பது அழாமலிருப்பதன்று. சொல்ல வருகையில் இடைமறிக்காமல் கேளுங்கள்.

இரண்டாவது, எங்கே, எந்த விதத்தில் நடந்தது என்று கேட்க வேண்டாம். சொல்பவரும் அதை விவரிக்க வேண்டாம். அந்த விவரம், மனம் நொந்திருக்கும் மற்றொருவருக்கு வழிகாட்டியாகி விடக்கூடும். மறைந்தவரின் வாழ்வை, குணத்தை, நற்செயலைப் பேசட்டும்.

மூன்றாவது, "தேர்வில் தோற்றான், கடன்பட்டாள், அதனால்தான்" என்று ஒரே காரணத்தைச் சூட்டாதீர்கள். இத்தகைய முடிவுக்குப் பின்னால் நோய், மனச்சோர்வு, நெருக்கடி எனப் பலவும் சேர்ந்திருக்கும். ஒருவர் மீது பழி சுமத்துவது அந்தக் குடும்பத்தையே பிளந்துவிடும்.

நான்காவது, கேட்டது அமானிதம். அதைக் கைப்பேசியில் பதிவு செய்வதும், வாட்ஸ்அப்பில் பரப்புவதும் அமானித மோசடியாகும். பலர் முன்னிலையில் பேச விரும்புவோர், வீட்டாரின் சம்மதம் பெற்று, நாளை பிள்ளைகள் கேட்டாலும் மனம் நோகாத அளவுக்கே பேசட்டும்.

ஐந்தாவது, பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள். வயதுக்கேற்ற எளிய சொற்களில் உண்மையைக் கூறி, "இது உன் குற்றமன்று" என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இவ்விதம் உறவை இழந்தவர்களுக்கே அதே எண்ணம் தலைதூக்கும் ஆபத்து அதிகம். "நானும் போய்விட்டால் என்ன?" என்று ஒருவர் சொன்னால், "அப்படி எண்ணம் வருகிறதா?" என்று அன்போடு நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. அவரைத் தனியே விடாதீர்கள்; மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் பணியாற்றும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

ஜமாஅத் பெரியோர்களே! மூன்றாம் நாளோடு நின்றுவிடாமல் நாற்பதாம் நாளுக்குப் பின்னும் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மறைந்தவரின் பெயரைச் சொல்லி துஆச் செய்யுங்கள். அதுவே அந்த உம்மாவுக்குப் பேச்சு வரவழைக்கும்.

வல்ல ரஹ்மான் நம் நாவுகளைக் காத்து, நொந்த உள்ளங்களுக்கு ஆறுதலளித்து, மறைந்தோரின் பிழைகளைப் பொறுத்தருள்வானாக! ஆமீன்.