குடம் மண்ணில் இருந்ததா?

குயவன் கை வைப்பதற்கு முன்பே குடம் மண்ணுக்குள் இருந்ததா? இருந்தது என்றது சாங்கியம். சைவ சித்தாந்தமும் அந்தச் சற்காரிய வாதத்தையே ஏற்றது. இல்லை, குடம் புதிதாகத் தோன்றிய பொருள் என்று நியாய வைசேடிகர் மறுத்தார்கள். பழைய வழக்குதான். ஒளியையே உணவாகக் கொள்ளும் குறைகடத்தி லேசரின் முன் வைத்தால் அது மறுபடி சூடுபிடிக்கிறது.

1997-இல் அமெரிக்காவில் மார்க் குஸ்நெட்சோவ், ஆரம் மூராதியன் குழுவினர் இவ்வகை லேசரில் 1004 நானோமீட்டரில் அரை வாட் ஒளியை வட்டமான, தூய கற்றையாக எடுத்துக் காட்டினார்கள். ஊட்டும் ஒளி பெரும்பாலும் 808 நானோமீட்டர் டையோடு ஒளி. விரிந்து சிதறும் முரட்டு ஒளி. வெளியே வருவதோ ஊசிபோல் நேரான கற்றை. நடுவே தலைமுடியைவிட மெல்லிய படிக அடுக்கு. அதற்குள் சில நானோமீட்டர் தடிமனில் குவாண்டம் கிணறுகள், நிலையலையின் உச்சி விழும் இடம் பார்த்துப் பதிக்கப்பட்டவை.

இந்தக் கற்றை டையோடு ஒளிக்குள் ஏற்கெனவே இருந்ததா?

ஆற்றலைக் கேட்டால், ஆம். ஒரு துளியும் புதிதாகப் பிறக்கவில்லை. நிறத்தைக் கேட்டால் கிணற்றின் கலவையையும் அகலத்தையும் காட்ட வேண்டும். திசையைக் கேட்டால் தள்ளி நிற்கும் வளைந்த கண்ணாடியை. மண், திகிரி, குயவன் என்று சித்தாந்தம் மூன்று காரணம் சொல்வது இங்கேதான் கைகொடுக்கிறது. திகிரி இருந்த வடிவை வெளிப்படுத்துகிறது என்பார்கள். ஆனால் கிணறும் கண்ணாடியுமான இந்தத் திகிரி மண்ணில் இல்லாத ஒழுங்கையே தருகிறது. இந்த இடத்தில் நியாயத்தின் கட்சிக்குத்தான் வலு அதிகம்.

அந்த ஒழுங்கு இலவசமன்று. எடுத்துக்காட்டாக, 808 நானோமீட்டரில் உண்டு 980 நானோமீட்டரில் உமிழும்போது ஒவ்வொரு ஃபோட்டானும் ஏறக்குறைய 18 சதவீத ஆற்றலை விட்டுவிட்டுப் போகிறது, அது வெப்பமாகிறது. சூடேறினால் கிணற்றின் நிறம் நகரும், பெருக்கம் தளரும், பிறகு எவ்வளவு ஊட்டினாலும் கற்றை மங்கும். அதனால்தான் வடிவமைப்பாளர்கள் வெப்பத்தின் பின்னாலேயே அலைந்தார்கள். செம்பைவிட ஐந்து மடங்கு வெப்பம் கடத்தும் வைரத்தைப் படிகத்தோடு ஒட்டினார்கள். 2012-இல் ஒற்றைப் படிகத்திலிருந்து 106 வாட் வந்தது. பிறகு படிகத்தின் அடியில் வெப்பத்தை மறித்துநின்ற கண்ணாடியையே கழற்றிவிட்டு, வெறும் சவ்வை இரு வைரத் துண்டுகளுக்கு நடுவே வைத்தார்கள்.

ஊட்டும் நிறத்தைக் கற்றையின் நிறத்துக்கு அருகே கொண்டுபோய்க் கிணற்றுக்கே நேராக ஊட்டினால் அந்த 18 சதவீதம் சுருங்கும். ஆனால் ஒரு கிணறு ஒரு முறைக்கு ஒரு சதவீதம் அளவே குடிக்கிறது. மிச்சத்தைத் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு அனுப்ப இன்னும் கண்ணாடிகள் வேண்டும். திகிரி மறுபடி வளர்கிறது.