அரும்பை மலர் என்று எழுதுவது

மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியருக்கு அது தெரியும். ஆனால் பதிவில் அவள் வகுப்பு நிலையை எட்டிவிட்டாள். இது பொய்தான், சந்தேகமில்லை. ஆனால் யாருக்கு எதிரான பொய்?

கொரோனாவுக்குப் பிறகு, 2022-23 கல்வியாண்டில் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது இலக்கு. வயதை வைத்து அல்லாமல், கற்றல் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்துப் பாடம் நடத்த வேண்டும். நல்ல யோசனை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி.விஜயகுமார் தொடங்கிய செயல்வழிக் கற்றலும் இதைத்தான் வேறு வடிவில் சொன்னது: அட்டை, ஏணிப்படி, அவரவர் வேகம்.

இந்த முறை ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது. அரும்பை அரும்பு என்று எழுதினால்தான் அவளுக்கு அரும்புக்கான பாடம் கிடைக்கும். ஆனால் அதே பதிவு செயலி வழியாக மேலே போகிறது. அங்கே அது பிள்ளையின் நிலை அல்ல, ஆசிரியரின் மதிப்பெண். 'ஏன் சார் உங்க பள்ளியில மட்டும் இத்தனை அரும்பு?' என்று ஒரு கூட்டத்தில் கேட்டால் போதும். அடுத்த முறை மொட்டுகள் தானாக மலரும்.

மென்பொருள் வேலையிலும் இதுதான் கதை. பிழைகளைப் பதிவு செய்வது அவற்றைச் சரிசெய்யத்தான். பிழை எண்ணிக்கையை வைத்து அப்ரைசல் போட ஆரம்பித்தால் பிழைகள் குறையாது, பதிவுகள்தான் குறையும். ஓர் அளவீடு இலக்காக மாறியதும் அது நல்ல அளவீடாக இருப்பதில்லை என்ற கருத்தைப் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் 'குட்ஹார்ட் விதி' என்கிறார்கள்.

மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளை மதிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னேற்றத் திட்டம் எழுதவைத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் அதை ஆராய்ந்தார்கள். மதிப்பீடுகள் நடந்தன, திட்டங்கள் எழுதப்பட்டன. கற்பிக்கும் விதமும் மாறவில்லை, பிள்ளைகளின் கற்றலும் மாறவில்லை. ஆனாலும் காகிதத்தில் அது வெற்றி. நாடு முழுவதும் சுமார் 6 லட்சம் பள்ளிகளுக்கு அந்த மாதிரி விரிந்தது.

செட்டிநாட்டுக்குக் கணக்கு புதிதல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த நகரத்தார் வட்டிக்கடைகளுக்கு ஏஜெண்டுகள் பொதுவாக மூன்றாண்டுத் தவணையில் போனார்கள். அங்கிருந்து வரும் கணக்கை வைத்துத்தான் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருந்த முதலாளி கடல் தாண்டிய கடையை அறிந்தார். கணக்கு பொய்த்தால் நஷ்டம் அதைப் படிப்பவருக்கே. அதனால் அதைத் துருவிப் பார்க்கும் அக்கறையும் அவருக்கே. பள்ளிக் கணக்கில் இந்தக் கண்ணி அறுந்துபோகிறது. எழுதுபவர் ஆசிரியர், படிப்பவர் அதிகாரி, நஷ்டம் பிள்ளைக்கு. அவளோ அந்தக் கணக்கைப் பார்க்கப் போவதே இல்லை.

அப்படியானால் அளவீடே வேண்டாமா? வேண்டும். 2021-ல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர்கள் தமிழக கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்பங்கு மாலை வகுப்புகளால் வந்தது. நம்பத்தகுந்த எண்கள். காரணம், அவை எந்தத் தன்னார்வலருக்கும் மதிப்பெண் போடுவதற்காக எடுக்கப்பட்டவை அல்ல.

ஆகவே இரண்டு அளவீடுகளையும் பிரிக்க வேண்டும். திட்டம் வேலை செய்கிறதா என்று அரசு பார்ப்பதற்கு, சில பள்ளிகளில் பெயர் குறிக்காத மாதிரிச் சோதனை போதும். வகுப்பறைப் பதிவு ஆசிரியரின் கையேடாக வகுப்பறையிலேயே இருக்கட்டும்.

அதுவரை ஆசிரியர் என்ன செய்வது? 'சிஸ்டம் அப்படி' என்பது காரணம், ஆனால் முழு விடுதலை அல்ல. மலர் என்று எழுதிய பிறகும் அவளுக்கு அரும்புப் பாடம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதிகாரியிடம் பொய் சொல்லி, பிள்ளையிடம் உண்மையாக இருக்கிறார்கள். அந்தப் பொய்யை என்னால் பெரிதாகக் குறைசொல்ல முடியவில்லை. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு: அடுத்த ஆண்டு வரும் புதிய ஆசிரியர் பதிவை நம்பிவிடுவார். உண்மையை எழுதியவருக்கு நோட்டீஸுக்குப் பதில் இன்னொரு ஆசிரியரை அனுப்பும் துறையில்தான் அந்தப் பொய்க்குத் தேவை இருக்காது.