தாயின் குறையைச் சொல்லலாமா?

பெற்ற தாயின் குறையைப் பிள்ளை ஊரறியச் சொல்லலாமா? தாய் தந்தையரை மதிக்கும் கட்டளையை இளமையிலேயே மனனம் செய்த நாம், கூடாது என்றே உடன் விடை பகர்வோம். அயர்லாந்தில் எழுந்த தன்வரலாற்று நூல்களும் சமூக வரலாற்று நூல்களும் அவ்விடையை மறுபடியும் எண்ணிப் பார்க்கத் தூண்டுகின்றன.

1996-இல் ஃபிராங்க் மெக்கோர்ட் தம் 66-ஆம் அகவையில் 'ஏஞ்சலாஸ் ஆஷஸ்' என்னும் நூலை வெளியிட்டார். லிமெரிக் நகரச் சந்துகளில் பசியோடு கழிந்த இளமை, கூலியைக் குடித்துத் தீர்த்த தந்தை, பிள்ளைகளுக்காகத் தன்மானத்தையும் இழந்த தாய் ஏஞ்சலா: எதையும் அவர் மறைக்கவில்லை. மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. லிமெரிக் மக்கள் பலரோ, மிகைப்படுத்தி ஊர்ப்பெயரைக் கெடுத்தார் எனச் சினந்தனர். ஏஞ்சலா 1981-இலேயே இறந்துவிட்டார். மகனுக்கு மறுமொழி கூற அவருக்கு வாய்ப்பில்லை. எழுதுகோல் ஒருவர் கையில் மட்டுமே இருக்கும்போது நீதி தவறக்கூடும் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

திருநூலும் இந்தத் தயக்கத்திற்குத் துணை நிற்கிறது. மது மயக்கத்தில் ஆடையின்றிக் கிடந்த நோவாவை மைந்தர் இருவர் பின்னோக்கி நடந்து போர்வையால் மூடினர். அவர்களே ஆசி பெற்றனர். அவ்வாறாயின் மூடி மறைப்பதே அன்பா?

மற்றோர் அயர்லாந்து நூலைப் பார்ப்போம். கால்வே மாவட்டத்து டூவம் நகரில் 1925 முதல் 1961 வரை மணமாகாத தாய்மார்க்கும் அவர்தம் மக்களுக்கும் ஓர் இல்லம் இருந்தது. கட்டடம் அரசுக்குரியது, நடத்தியவர்கள் போன் செக்கூர் சபை அருட்சகோதரிகள். உள்ளூர் வரலாற்று ஆர்வலரான கேத்தரின் கார்லெஸ், அங்கு இறந்த 796 குழந்தைகளின் இறப்புச் சான்றுகளை ஒவ்வொன்றாகத் திரட்டினார். அடக்கக் குறிப்புகளோ ஏறத்தாழ இல்லை. 2012-இல் கட்டுரையாக எழுதினார். 2021-இல் 'பிலாங்கிங்' என்னும் நூலில் அத்தேடலை விவரித்தார். கழிவுநீருக்கெனக் கட்டப்பட்டதாகத் தோன்றும் நிலத்தடி அறைகளில் சிசுக்களின் எலும்புகள் இருப்பதை 2017-இல் விசாரணை ஆணையம் உறுதி செய்தது. 2021 சனவரியில் அச்சபையினர் மன்னிப்புக் கோரினர். 2025-இல் அகழ்வு தொடங்கியது.

இங்கேதான் வேறுபாடு புலனாகிறது. நோவாவின் மேல் விரித்த போர்வைக்கு அடியில் வேறொருவர் உடல் இல்லை, டூவத்தில் இருந்தது. முன்னதை மூடுவது அன்பு; பின்னதை மூடுவது புதைக்கப்பட்டவர்க்கு இழைக்கும் இரண்டாம் அநீதி.

பிறர் குறையைப் பேசுவதைப் பாவமெனக் கண்டித்த புனித அக்குவினா தோமாவும், தேவையான நன்மைக்காக, உரிய வரம்போடு சொல்வது பாவமன்று என்றார். ஆகவே உண்மையா என்பதோடு, யாருக்காகச் சொல்கிறோம் என்பதையும் ஆராய வேண்டும். கார்லெஸ் திரட்டியது பெயர்களை. பெயரிழந்த மழலையருக்கு அவை மீண்டும் கிடைத்தன. மெக்கோர்ட்டின் நூலை மூடும்போதும் நாம் ஏஞ்சலாவை இகழ்வதில்லை. அவரை அந்நிலைக்குத் தள்ளிய வறுமையையே வெறுக்கிறோம்.

திருச்சபையும் நமக்குத் தாய்தான். எனினும் தலைமைத் திருத்தூதர் ஆண்டவரை மறுதலித்ததை நான்கு நற்செய்திகளுமே மறைக்காமல் உரைக்கின்றன. அதனால் பேதுருவின் மாண்பு குன்றவில்லை. அவர் சிந்திய கண்ணீரின் பொருளும் நமக்கு விளங்கிற்று. தாயின் மானத்தைக் காப்பதாக எண்ணி அவள் மடியில் இறந்த குழந்தைகளை மறந்துவிடுவோமானால், நாம் காப்பது தாயையா, நம் நிம்மதியையா?