சினத்தின் முகவரி

கோவலன் கொலையுண்டான் என்று அறிந்த கண்ணகி, மதுரைத் தெருக்களில் புலம்பியவள்தான் எனினும், தன் வழக்கைத் தீர்க்கத் தெருவாரை நாடவில்லை. அரண்மனை வாயிலுக்கே சென்றாள். வாயிலோன் வழிவிட்டான், பாண்டியன் கேட்டான், சிலம்பு உடைந்தது, தவறு தன்னுடையதே என்று உணர்ந்த மன்னன் அரியணையிலேயே உயிர் துறந்தான். அதுவரை கண்ணகியின் சினத்திற்குத் தெளிவானதொரு முகவரி இருந்தது. அதன் பின்னரே ஊர் எரிந்தது. தீத்திறத்தாரை மட்டும் பற்றுக என்று அவள் ஏவியதாகக் காப்பியம் கூறும். எனினும், எரிந்த மதுரையில் கோவலனின் பெயரையே கேள்விப்பட்டிராதவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? பட்டிமன்றங்களில் இவ்வினாவை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். கண்ணகியின்பால் நாம் கொண்டுள்ள மதிப்பு அதற்கு மேல் நம்மைக் கேட்க விடுவதில்லை.

2008ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள் இரவு, கடல்வழி வந்த பத்துப் பேர் மும்பை நகரைத் தாக்கினர். தொடர்வண்டி நிலையத்திலும் விடுதிகளிலும் மருத்துவமனை வாயிலிலும் யூதர் இல்லமொன்றிலும் 166 பேர் மாண்டனர். 29ஆம் நாள் காலையில்தான் துப்பாக்கி ஓசை அடங்கிற்று. அந்நாள்களில் பெங்களூரில் நம் வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி அணைக்கப்படவில்லை. தேசியப் பாதுகாப்புப் படையினர் அரியானாவின் மானேசரிலிருந்து மறுநாள் காலையில்தான் மும்பைக்கு வந்து சேர முடிந்தது என்றும், காவலர் பலர் கையில் பழைய துப்பாக்கியும் தடியுமே இருந்தன என்றும் அறிந்தபோது, நாட்டு மக்களின் துயரம் சினமாக மாறியது. கையில் துப்பாக்கியின்றிக் கொலைஞனின் துப்பாக்கியையே பற்றிக்கொண்டு குண்டுகளைத் தம் உடலில் ஏற்ற துக்காராம் ஓம்ப்ளே என்னும் காவலரை எண்ணுந்தோறும் அச்சினம் பெருகிற்று. நியாயமான சினமே அது. முன்னெச்சரிக்கைகள் வந்திருந்தன, அவற்றைக் கையாள வேண்டிய முறையில் கையாளவில்லை என்பதைப் பின்னர் அமைக்கப்பட்ட பிரதான் குழுவும் எடுத்துக் காட்டிற்று. மாண்ட அதிகாரி கர்கரே அணிந்திருந்த குண்டு துளைக்காத மேலங்கி காணாமற் போயிற்று என்ற செய்தி 2009இல் வெளிவந்தபோது, கோப்புகளோடு காலங்கழிக்கும் நமக்கு வியப்பு எழவில்லை. நாணமே எழுந்தது.

அச்சினத்தின் ஒரு பகுதி நம் ஊரின் எலகங்காவிலே, ஒரு வீட்டு வாயிலில் வெளிப்பட்டது. தாஜ் விடுதியில் உயிர் நீத்த மேஜர் சந்தீப் உண்ணிகிருஷ்ணன் பெங்களூரில் வளர்ந்தவர். கேரளத்திலிருந்து பிழைப்பின் பொருட்டு இங்கே வந்து வேரூன்றிய குடும்பம்; தந்தையார் இஸ்ரோவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நம்மைப் போன்ற குடும்பம் என்றே சொல்லலாம். மகனின் இறுதிச் சடங்குக்குக் கேரள அரசின் சார்பில் எவரும் வரவில்லை. பின்னர் அம்மாநில முதல்வர் அச்சுதானந்தன் துக்கம் கேட்க வந்தபோது, தந்தையார் சீறி எழுந்து அவரை வெளியேறுமாறு கூறினார். முதல்வரோ பிறகு அவ்வீட்டையும் நாயையும் சேர்த்து ஒரு சொல் சொன்னார், நாடு கொதித்தது, அவர் வருத்தம் தெரிவித்தார். ஒரு முதியவரை, அதுவும் துக்கம் கேட்க வந்தவரை, வாயிலில் வைத்துச் சினப்பது நம் மரபுக்குப் பொருந்துமா என்று நம்மவர் சிலர் அன்று கேட்டனர். பொருந்தும் என்பதே நம் கருத்து. வலியவரிடம் எழுந்த சினம் அது. வேறெவர் மீதும் அது சாயவில்லை.

வெகுளாமை அதிகாரத்தில் வள்ளுவர் உரைப்பதன் நுட்பமும் இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது. நம் சினம் செல்லுபடியாகாத இடத்தில் அதை அடக்குவது பெருமையன்று. நம் கைக்கு எட்டும் எளியவர்மீது பாயாமல் அதைத் தடுப்பதுதான் அரிது.

பெங்களூர்த் தமிழர்க்கு இதை ஏட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. 1991ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டார். ஆகஸ்டு 20ஆம் நாள், நம் நகரின் கோணனகுண்டேயில் ஒரு வீட்டில், தேடப்பட்ட சிவராசனும் உடனிருந்த அறுவரும் பிணங்களாகக் கிடந்தனர். முந்தின நாளே அவ்வீடு சூழப்பட்டிருந்தும் இரவு முழுதும் காத்திருந்தனர். உயிரோடு பிடித்திருந்தால் வெளிப்பட்டிருக்கக்கூடிய உண்மைகள் அவர்களோடு போயின. அத்தவறு யாருடையது என்று அன்று தெருவில் எவரும் கேட்கவில்லை. தமிழ் பேசுவோரை யார் குடிவைத்தது என்றே கேட்டனர். நாம் அப்போது பள்ளிச் சிறுவர். நம் வீட்டு உரிமையாளர், அதுவரை பண்டிகைதோறும் ஒப்பட்டு கொடுத்தனுப்பிய நல்லவர், ஒரு மாலையில் வந்து நின்று, ஊரிலிருந்து விருந்தினர் எவரும் தங்கியிருக்கிறார்களா என்று தந்தையாரிடம் கேட்டார். கேட்கும்போது அவர் நம் தந்தையாரின் முகத்தை நோக்கவில்லை. அதன்பின் பல திங்கள் தந்தையார் குடும்ப அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வெளியே சென்றார். அவ்வாண்டு டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி எழுந்த கலவரத்தில், அந்த அட்டையும் எப்பயனும் தாராது என்பதை அறிந்தோம். ஆணை பிறப்பித்தவர்கள் தில்லியில் இருந்தனர். எரிந்தவை இங்குள்ள குடிசைகள்.

ஆகவேதான், குண்டு வெடிக்குந்தோறும் ஒரு மொழியினரையோ ஒரு மதத்தினரையோ சுட்டிப் பேசும் பேச்சு நம் இல்லங்களிலும் எழும்போது நமக்கு நெஞ்சு அஞ்சுகிறது. 2008 சூலை 25 அன்று இந்நகரில் தொடர்குண்டுகள் வெடித்தன. மடிவாளப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண்மணி உயிரிழந்தார். ஊருக்குப் பேருந்து ஏற நாமெல்லாம் போய் நிற்கும் பகுதி அது. அன்றிரவு நம் உறவினர் ஒருவர், “இவர்களுக்கெல்லாம் யார் வீடு கொடுத்தது?” என்றார். 1991இல் நம் வாயிலில் கேட்ட அதே வினா. அவருக்கு அது நினைவில்லை, நாமும் நினைவூட்டவில்லை. உணவு பரிமாறிக்கொண்டிருந்த நேரம் என்பது நாம் நமக்கே சொல்லிக்கொண்ட சாக்கு.

முகவரி சரியாக இருப்பினும் சினம் நெடுநாள் நிற்பதில்லை என்பது மற்றொரு குறை. 2008 டிசம்பர் 3 அன்று மும்பை கேட்வே ஆப் இந்தியா அருகே பல்லாயிரவர் கூடி அரசைக் கண்டித்தனர். மத்திய உள்துறை அமைச்சரும் மராட்டிய முதல்வரும் துணை முதல்வரும் பதவி விலகினர். 1956இல் அரியலூர் ரயில் விபத்துக்குப் பின் லால் பகதூர் சாஸ்திரி விலகியதைப் பலர் நினைவுகூர்ந்தனர். ஆயினும் 2009 ஏப்ரல் 30 அன்று நடந்த தேர்தலில், அதே தென் மும்பையில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேரே வாக்களித்தனர். விலகிய துணை முதல்வர் ஆர். ஆர். பாட்டீல் அவ்வாண்டு முடியுமுன் மீண்டும் அம்மாநில உள்துறையை ஏற்றார். நிலைத்தது என்று சொல்வதானால், தேசியப் புலனாய்வு முகமையும், சென்னை உள்ளிட்ட நான்கு நகரங்களில் பாதுகாப்புப் படைக்கு அமைந்த தளங்களுமே.

இனி நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாது விட்டால் மேலே எழுதியதற்கு நமக்கு உரிமையில்லை. அக்காலத்தில் நாம் மைய அரசு அலுவலகமொன்றில் கீழ்நிலை எழுத்தர். சூலைக் குண்டுவெடிப்புக்குப் பின் நம் அலுவலக வாயிலில் மெட்டல் டிடெக்டர் பொருத்தினர். அக்டோபரில் அது பழுதாயிற்று. காவலாளி எழுதித் தந்த கடிதம் நம் மேசைக்கு வந்தது. தணிக்கைக்காரர் வந்திருந்த சமயம். அதைக் கட்டின் அடியில் வைத்தோம். கடிதம் அங்கேயே கிடந்தது. நவம்பர் 28 பிற்பகல், சிற்றுண்டிச்சாலையில் நாமும் நண்பர்களும் அரசின் அலட்சியத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம். எல்லாரினும் உரக்கப் பேசியவர் நாமே. இருக்கைக்குத் திரும்பும் வழியில், பேசாது நிற்கும் அந்த வாயிலினூடே நடந்தபோதுதான் கடிதம் நினைவுக்கு வந்தது.

அன்று மாலையே குறிப்பெழுதிப் பிரிவு அலுவலருக்கு அனுப்பினோம். அவர் விலைப்புள்ளி மூன்று கேட்டார். அடுத்த மேசை நிதி ஒதுக்கீடு கேட்டது. ஒப்புதல் மார்ச்சில் வந்தது. பழுது பார்க்க வந்த இளைஞர் பலகையைத் திறந்து, ஒரு கம்பி இணைப்பு விட்டிருக்கிறது என்று காட்டினார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நாம் கையொப்பமிட்டு அவரை அனுப்பினோம்.