பள்ளிவாசலில் போதிகைத் தூண்

குவிமாடத்தை எதிர்பார்த்துக் கீழக்கரை ஜும்மா பள்ளிக்குள் நுழைபவருக்குக் கண்ணில் படுவது கல் மண்டபம். வரிசையாகத் தூண்கள், தூண் தலையில் போதிகை, அதன்மேல் உத்தரம், மேலே தட்டையான கற்கூரை. பாண்டி நாட்டுக் கோயில்களைப் பார்த்தவருக்குப் பழகிய கைவேலைதான்.

மத நல்லிணக்கம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். சுற்றுலாக் கையேடுகள் அப்படித்தான் செய்கின்றன. கேள்வி அதோடு தீரவில்லை. கோயிலில் நிற்கும் தூண் தொழுகைக்கூடத்திலும் நின்றால் வழிபாட்டில் ஏதாவது மாறுகிறதா?

தொழுமிடத்துக்கு இஸ்லாம் கேட்பது கொஞ்சம்தான்: இடம் தூய்மையாக இருக்க வேண்டும், முகம் கஅபாவை நோக்க வேண்டும். மதீனாவில் நபிகள் எழுப்பிய பள்ளிக்குப் பேரீச்சந்தண்டுகளே தூண். குவிமாடமும் மினாராவும் பிற்பாடு வந்து சேர்ந்தவை. கண்டிப்பு உருவ விஷயத்தில்தான். அதைக் கீழக்கரைச் சிற்பிகள் அறிந்திருந்தார்கள். கோயிலென்றால் யாளியும் தெய்வமும் வந்திருக்கும் இடத்தில் பூவையும் கொடியையும் செதுக்கி நிறுத்திக்கொண்டார்கள்.

இந்தப் பள்ளியோடு பேசப்படும் பெயர் 17ஆம் நூற்றாண்டு வள்ளல் சீதக்காதி. ராமநாதபுர மன்னர் கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர். உமறுப் புலவரைச் சீறாப்புராணம் பாட வைத்தவர். அந்தக் காப்பியத்தில் அரபு நாடு மழையும் வயலுமாகத் தமிழ் நிலம்போலவே விரிகிறது. நபிகளின் வரலாற்றுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. புலவர் சொல்லில் செய்ததைக் கொத்தனும் தச்சனும் கல்லில் செய்தார்கள், அவ்வளவுதான்.

சென்னை திருவல்லிக்கேணியில் கதை வேறு. 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலின் தோற்றம் முகலாய பாணி. உள்ளே பொறித்திருக்கும் பாரசீக ஆண்டுக்குறிப்புச் செய்யுளை இயற்றியவரோ ராஜா மக்கன்லால் என்ற இந்து.

இன்னொரு பக்கம், ஏற்காடு வட்டாரத்தில் வெள்ளக்கடை போன்ற மலை ஊர்க்காரர்கள் கும்பிடும் சேர்வராயன் குடியிருப்பது குகைக்குள். அந்தச் சாமிக்குப் போதிகைத் தூண் தேவைப்படவில்லை. அதனால் அது கோயில் இல்லையென்று யாரும் சொன்னதில்லை. கோயிலுக்கே கட்டாயமில்லாத தூணை இந்துத் தூண் என்பானேன்? அது இந்த மண்ணின் கல்தச்சருடையது. அதேபோல் குவிமாடமும் இஸ்லாத்தின் நிபந்தனை அல்ல.

கடற்கரை ஊர்களில் பழைய கல் பள்ளிகள் இடம் போதவில்லை என்று இடிபடுகின்றன. இடப் பற்றாக்குறை மெய்தான். பக்கத்தில் புதுக்கூடம் கட்டட்டும். கல் மண்டபத்தை மட்டும் ஜமாஅத்துகள் விட்டுவைக்க வேண்டும்.